உயரத்தில் உடலும் கருவியும் தடுமாறும்போது: அறிகுறியைக் கொண்டு காரணத்தைத் தேடும் வழிமுறை

3,000 மீட்டருக்கு மேல் அமைந்த ஆய்வு முகாமில் முதல் வாரத்தில் எழும் கோளாறுகளைத் தனித்தனியாகத் துரத்துவது வீண் வேலை. ஆளுக்குத் தலைவலி, கணினிக்குச் சூடு, உயர் மின்னழுத்தக் கருவிக்குத் தீப்பொறி, ஜெனரேட்டருக்குக் கரும்புகை என்று அவை வெவ்வேறு முகங்களோடு வந்தாலும், பெரும்பாலானவற்றின் வேர் ஒன்றே: காற்று மெலிந்துவிட்டது. ஆக்சிஜனின் பங்கு கடற்கரையிலும் சிகரத்திலும் ஏறத்தாழ 20.9 விழுக்காடுதான், குறைவது காற்றின் மொத்த அழுத்தம். கடல்மட்டத்தில் 1,013 ஹெக்டோபாஸ்கலாக இருக்கும் அது 3,000 மீட்டரில் சுமார் 700 ஆகவும், 5,000 மீட்டரில் சுமார் 540 ஆகவும் இறங்கி, 5,500 மீட்டர் அளவில் பாதியாகிவிடுகிறது. இத்துடன் குளிரும் வறட்சியும், மேலே கவசமாக நிற்கும் காற்றடுக்கு குறைவதால் கூடும் கதிர்வீச்சும் சேர்ந்துகொள்கின்றன.

கீழே ஒவ்வோர் அறிகுறியாக எடுத்துக்கொண்டு, முதலில் எதைச் சந்தேகிப்பது, எதைச் சோதிப்பது, எப்போது சோதனையை நிறுத்திவிட்டு ஆளைக் கீழே இறக்குவது என்று எழுதியிருக்கிறேன். உடல் முன்னும் கருவி பின்னுமாக வரிசை அமைந்திருப்பதற்குக் காரணம் உண்டு. கருவியைப் பழுதுபார்க்கும் மூளையும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறது; பழுதுபார்ப்பவர் நலமாக இருக்கிறாரா என்பது உறுதியாகாதவரை, கருவியைப் பற்றி அவர் சொல்லும் முடிவையும் நம்ப இயலாது.

எதையும் தொடங்குமுன்: உயரத்தை மட்டுமல்ல, அழுத்தத்தையும் குறித்துவையுங்கள்

1648 இல் பிரெஞ்சு அறிவியலாளர் பாஸ்கலின் வேண்டுகோளின்படி அவருடைய மைத்துனர் பெரியே, புய் த டோம் மலைமீது பாதரசக் குழாயைச் சுமந்து சென்று, ஏற ஏறப் பாதரச மட்டம் இறங்குவதைக் காட்டினார். 1878 இல் பிரெஞ்சு உடலியலாளர் பால் பேர் வெளியிட்ட ஆய்வு, உடலை வருத்துவது அழுத்தக் குறைவு என்னும் இயந்திர விளைவு அல்ல, அதனால் குறையும் ஆக்சிஜனின் பகுதி அழுத்தமே (காற்றின் மொத்த அழுத்தத்தில் ஆக்சிஜனுக்குரிய பங்கு) என்று நிறுவியது. ஆகவே குறிப்பேட்டின் முதல் வரியில் இருக்க வேண்டியது அழுத்தமானியின் எண். வரைபடத்தில் உள்ள உயரத்தை வாய்பாட்டில் இட்டு அழுத்தத்தைக் கணக்கிட்டுக்கொள்வது போதாது. எவரெஸ்ட் உச்சியில் நியம வளிமண்டல வாய்பாட்டின்படி சுமார் 236 மில்லிமீட்டர் பாதரசம் இருக்க வேண்டும். 1981 இல் அமெரிக்க மருத்துவ ஆய்வுக் குழு அங்கேயே அளந்தபோது 253 இருந்தது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் வளிமண்டலம் தடித்து நிற்பதால் வந்த வேறுபாடு அது. அந்த 17 மில்லிமீட்டர் இல்லாதிருந்தால், உருளை ஆக்சிஜன் இன்றி அந்த உச்சியை எட்டுவது மனித உடலுக்குக் கைகூடியிருக்குமா என்பதே ஐயம்.

உங்கள் கைக்கடிகார உயரமானி ஒரே இரவில் 100 மீட்டர் ஏறிவிட்டதாகக் காட்டினால், அது பழுதில்லை. 5,000 மீட்டரில் ஒரு ஹெக்டோபாஸ்கல் மாற்றம் சுமார் 14 மீட்டர் உயர மாற்றமாகத் தெரியும். வானிலை கெட்டு அழுத்தம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். கருவி உயரத்தைத் தவறாகச் சொல்கிறது. ஆனால் உடலைப் பொறுத்தவரை அது சொல்வது மெய், ஏனெனில் உடலும் அன்றிரவு அந்த 100 மீட்டரை ஏறித்தான் இருக்கிறது.

அறிகுறி: வந்து சேர்ந்த அன்று மாலை தலைவலி, குமட்டல், சோர்வு

ஏறிய 6 முதல் 12 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கினால், வேறொன்று என்று நிறுவப்படும்வரை அது மலைநோய் என்றே கொள்ள வேண்டும். 2018 இல் திருத்தப்பட்ட லேக் லூயிஸ் மதிப்பெண் முறை தலைவலி, செரிமானக் கோளாறு, சோர்வு, தலைச்சுற்றல் ஆகிய நான்குக்கும் தலா 0 முதல் 3 வரை மதிப்பெண் தருகிறது. தலைவலி இருந்து, மொத்தம் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் மலைநோய். பழைய பட்டியலில் இருந்த உறக்கக் குறைவு இப்போது இல்லை. மேலே எவருக்குமே உறக்கம் சரியாக வராது என்பதால், அதை நீக்கியது நல்லதே.

ஆனால் மதிப்பெண் போடுமுன் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: மூடிய கூடாரத்துக்குள் அடுப்பு எரிந்ததா? கார்பன் மோனாக்சைடு நஞ்சு அதே தலைவலியையும் அதே குமட்டலையும் தரும். ஒரே கூடாரத்தில் இருந்த அனைவருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி என்றால் மலையைக் குறை சொல்வதற்கு முன் கூடாரத்தைத் திறக்க வேண்டும். இரத்தத்தில் ஆக்சிஜன் ஏறிய விழுக்காட்டைக் காட்டும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இங்கே துணைக்கு வராது. கார்பன் மோனாக்சைடு பிடித்துக்கொண்ட ஹீமோகுளோபினையும் அது ஆக்சிஜன் ஏறியதாகவே எண்ணி, நலமாக இருப்பதாகக் காட்டும்.

மலைநோய்தான் என்றால், முதல் விதி மேலும் ஏறாமல் இருப்பது. அதே இடத்தில் ஓய்வெடுத்தால் பெரும்பாலோர்க்கு ஒன்றிரண்டு நாளில் குறைந்துவிடும். தடுப்பு முறை ஏற்றத் திட்டத்திலேயே இருக்கிறது: 3,000 மீட்டருக்கு மேல் உறங்கும் உயரத்தை இரவுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்டுவது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் தங்குவது. அசெட்டசோலமைடு மருத்துவர் பரிந்துரையின்படி பெரியவர்களுக்கு வழக்கமாக 125 மில்லிகிராம் நாளுக்கு இருமுறை தரப்படுகிறது. வேகமாக மூச்சுவிடுவதால் இரத்தம் காரத்தன்மை அடைந்து, மேலும் வேகமாக மூச்சுவிடாதே என்று மூளையைத் தடுக்கிறது. இம்மருந்து சிறுநீரகம் காரப்பொருளான பைகார்பனேட்டை வெளியேற்றும்படி செய்து அந்தத் தடையை நீக்குகிறது. அதாவது உடல் சில நாளில் தானே செய்யப்போவதை விரைந்து செய்ய வைக்கிறது; அறிகுறியை மூடி மறைக்கும் வேலையை அது செய்வதில்லை.

அறிகுறி: நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது, ஆள் ஒதுங்கிக் கிடக்கிறார்

இங்கே ஆராய்ச்சி வேண்டாம். ஒரு நேர்க்கோட்டின் மீது குதிகாலை விரல்நுனியோடு ஒட்டி ஒட்டி நடக்கச் சொல்லுங்கள். நலமாக உள்ள ஒருவரையும் பக்கத்தில் அதே கோட்டில் நடக்கவிட்டு ஒப்பிடுங்கள். கோட்டை விட்டுச் சரிந்தால், மூளை வீங்கத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். ஆளை உடனே கீழே கொண்டுசெல்ல வேண்டும். விடியும்வரை காத்திருக்கலாம் என்ற முடிவுதான் இந்நிலையில் உயிரைப் பறிக்கிறது. ஆக்சிஜன் கொடுப்பதும், டெக்ஸாமெத்தசோன் முதலில் 8 மில்லிகிராமும் பிறகு 6 மணிக்கொருமுறை 4 மில்லிகிராமும் தருவதும், காற்றடைத்து அழுத்தம் கூட்டும் பையில் படுக்க வைப்பதும் இறக்குவதற்கான நேரத்தை வாங்கித் தருபவை. இறக்குவதற்கு அவை ஈடாகா.

ஆள் "எனக்கொன்றுமில்லை, தூங்கவிடுங்கள்" என்று எரிந்து விழுவதையும் அறிகுறியாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

அறிகுறி: ஓய்வில் இருக்கும்போதும் மூச்சு வாங்குகிறது, இருமல் விடவில்லை

படியேறும்போது மூச்சு வாங்குவது இயல்பு. உட்கார்ந்து பத்து நிமிடமாகியும் அடங்காவிட்டால் இயல்பன்று. உயரத்தில் நுரையீரலில் நீர் கோக்கும் நோய் பெரும்பாலும் இரண்டாம் நாள் முதல் நான்காம் நாளுக்குள், அதுவும் இரவில், முற்றுகிறது. தலைவலி சிறிதும் இல்லாமலும் வரலாம். வறட்டு இருமல், உடன் வந்தவர்களைவிடப் பின்தங்கும் நடை, நீலம் பூத்த உதடு, கடைசியில் இளஞ்சிவப்பு நுரை என்று அது வளரும்.

நீண்ட காலம் இதை நிமோனியா என்றோ இதயச் செயலிழப்பு என்றோ தவறாகவே எண்ணிவந்தார்கள். இளமையும் உடல்வலுவும் உள்ள, இதயம் நலமாக உள்ள ஆளுக்கு ஏன் நுரையீரலில் நீர் கோக்க வேண்டும் என்ற கேள்வியை 1960 இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் ஹூஸ்டன் எழுதிய கட்டுரை மருத்துவ உலகின் முன் வைத்தது. ஆக்சிஜன் குறைந்த பகுதிக்கு இரத்தம் போகாதபடி நுரையீரல் தன் நாளங்களைச் சுருக்கும். கடல்மட்டத்தில் ஒரு மூலையில் சளி அடைத்தால் இது நல்ல ஏற்பாடு. உயரத்தில் நுரையீரல் முழுவதுமே ஆக்சிஜன் குறைந்த பகுதியாகிவிடுவதால் எங்கும் சுருக்கம் ஏற்படுகிறது. அச்சுருக்கம் சீராகவும் இருப்பதில்லை. சுருங்காத பகுதிகளின் நுண்நாளங்கள் மீது அழுத்தம் முழுதும் பாய்ந்து அவை கசிகின்றன. ஆகவே மருந்தும் அந்த வழியிலேயே அமைகிறது: ஆக்சிஜன் கொடுத்தால் சுருக்கம் தளரும், ஆக்சிஜன் கிடைக்காத இடத்தில் நாளங்களைத் தளர்த்த நிஃபெடிபின் பயன்படுகிறது. கீழே கொண்டுசெல்லும்போது ஆளை நடக்கவைக்காமல் சுமந்து செல்வது நல்லது. உழைப்பு அந்த அழுத்தத்தை இன்னும் கூட்டும்.

அறிகுறி: உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது

பக்கத்தில் படுத்திருப்பவர் பத்து விநாடி மூச்சே விடாமல் கிடந்து, பிறகு ஆழமாக நான்கைந்து மூச்சு இழுத்து, மீண்டும் நிறுத்துவதைக் கேட்டுப் பதறுபவர்கள் உண்டு. இந்த அலைமூச்சை மலைமீது முறையாகப் பதிவு செய்தவர்களில் முன்னோடி இத்தாலிய உடலியலாளர் ஆஞ்சலோ மோஸ்ஸோ. 1893 இல் திறக்கப்பட்ட, ஆல்ப்ஸ் மலையில் 4,559 மீட்டர் உயரத்தில் உள்ள மார்கரித்தா குடில் அவருடைய ஆய்வுக்களமாக இருந்தது. பகலில் ஆள் நலமாக இருந்தால் இது தனியே ஆபத்தானதன்று. தூக்க மாத்திரையை மட்டும் தாமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மூச்சைத் தாழ்த்தும் வகை மாத்திரைகள் இங்கே கேடு செய்யும்.

அறிகுறி: ஆக்சிமீட்டர் 68 காட்டுகிறது, ஆள் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்

முதலில் விரலைத் தொட்டுப் பாருங்கள். குளிரில் விரல்நுனி நாளங்கள் ஒடுங்கியிருந்தால் கருவிக்குத் துடிப்பே சரியாகக் கிடைக்காது. கையைச் சூடாக்கி, நகப்பூச்சை அகற்றி, நேரடி வெயிலிலிருந்து மறைத்து, எண் நிலைபெறும்வரை காத்திருந்து எழுதுங்கள். இக்கருவிகள் நலமுள்ளவர்களை வைத்து ஏறத்தாழ 70 விழுக்காடுவரைதான் ஒப்பளவு செய்யப்படுகின்றன என்பதால், அதற்குக் கீழே காட்டும் எண்ணைத் துல்லியமாகக் கொள்ளக் கூடாது.

அதே சமயம், குறைந்த எண் என்பதாலேயே கருவி பொய் சொல்கிறது என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. 2007 இல் எவரெஸ்ட்டில் சுமார் 8,400 மீட்டரில் நான்கு ஏற்றக்காரர்களின் தமனி இரத்தம் எடுத்துச் சோதிக்கப்பட்டபோது, ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் சராசரி 24.6 மில்லிமீட்டர் பாதரசமே இருந்தது. கடல்மட்ட மருத்துவமனையில் அந்த எண் உயிர்ப்போராட்டத்தைக் குறிக்கும். அவர்களோ பல வாரம் பழகியவர்கள், நடமாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவரின் எண்ணை அதே இடத்தில், அதே நாள்கள் தங்கியிருக்கும் மற்றவர்களின் எண்ணோடு ஒப்பிடுவதே பயன் தரும் வழி.

அறிகுறி: எளிய கணக்கு தப்புகிறது, அளவீட்டை இருமுறை எழுதியிருக்கிறோம்

இது பழுது பட்டியலில் இடம்பெறாமல் போகும் பழுது. 1875 ஏப்ரலில் ஜெனித் பலூனில் 8,000 மீட்டருக்கு மேல் சென்ற மூவரில் குரோசே ஸ்பினெல்லியும் சிவெல்லும் இறந்தனர். பிழைத்த திசாந்தியே, ஆக்சிஜன் குழாயை எடுக்க நினைத்தும் கையை அசைக்க இயலவில்லை என்று பின்னர் எழுதினார். கைக்கெட்டும் தொலைவில் மருந்து இருந்தது. எடுக்க வேண்டிய கைக்கும் அதை ஏவ வேண்டிய மூளைக்கும் ஆக்சிஜன் இல்லை. மலையில் இவ்வளவு விரைவில் நிகழாது என்றாலும், ஆபத்தான இணைப்புகளை இருவர் சரிபார்ப்பது, நினைவை நம்பாமல் கீழேயே எழுதிக் கொண்டுவந்த படிவரிசையை வாய்விட்டுப் படித்துச் செய்வது ஆகிய இரண்டையும் கைவிடக் கூடாது. நிலையான ஆய்வுக்கூடமாக இருந்தால் அறைக் காற்றில் ஆக்சிஜனைக் கூட்டலாம். ஒவ்வொரு விழுக்காடு கூடும்போதும் உடல் உணரும் உயரம் சுமார் 300 மீட்டர் குறைகிறது. 5,000 மீட்டரில் பங்கை 27 விழுக்காடாக்கினால், உள்ளே இருப்பவருக்கு அது ஏறத்தாழ 3,200 மீட்டர். தீப்பற்றும் அபாயத்தைக் கணக்கிட்டே அளவை முடிவு செய்ய வேண்டும்.

அறிகுறி: அறை குளிராக இருந்தும் கணினி சூடாகி நின்றுவிடுகிறது

விசிறி சுழல்கிறது, தூசி இல்லை, வெளியே பூஜ்யத்துக்குக் கீழே. ஆனாலும் செயலி கொதிக்கிறது. வெப்பத்தை எடுத்துச் செல்வது காற்றின் நிறை. 5,000 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் 60 விழுக்காடுதான். விசிறி அதே கன அளவைத் தள்ளினாலும், தள்ளப்படும் நிறை குறைவு. சிலியில் சாஹ்னந்தோர் மேட்டில் 5,000 மீட்டரில் உள்ள ஆல்மா தொலைநோக்கியின் தரவுகளை இணைக்கும் சிறப்புக் கணினிக்கு, இதனாலேயே வழக்கத்தைப்போல் இருமடங்கு காற்றோட்டம் தேவைப்படுகிறது. அது இழுக்கும் மின்திறன் 140 கிலோவாட். விசிறியின் வேகத்தைக் கூட்டுங்கள், அல்லது செயலியின் வேகத்தைக் குறையுங்கள்.

அதே கணினியில் ஹார்டு டிஸ்க் சொரசொரத்து, தரவு காணாமல் போகிறது என்றால், இன்னொரு செய்தி உண்டு. சுழலும் தட்டின்மேல் படிப்பான் முனை காற்று மெத்தையில் மிதக்கிறது. காற்று மெலிந்தால் முனை தாழ்ந்து தட்டை உரசும். வழக்கமான டிஸ்க்குகளுக்கு உற்பத்தியாளர்கள் விதிக்கும் எல்லை பெரும்பாலும் 3,048 மீட்டர், அதாவது 10,000 அடி. ஆல்மாவின் அந்தக் கணினியில் சுழலும் டிஸ்க்கே கிடையாது. சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி வகைக்கு மாறுங்கள். ஹீலியம் அடைத்து முற்றிலும் மூடப்பட்ட டிஸ்க்கும் தாங்கும்.

அறிகுறி: உயர் மின்னழுத்த இணைப்பில் சீறல், ஓசோன் வாடை, ஊதா ஒளி

1889 இல் ஜெர்மன் இயற்பியலாளர் பாஷென் கண்ட விதியின்படி, ஓர் இடைவெளியை மின்பொறி தாண்டத் தேவையான மின்னழுத்தம், காற்றழுத்தமும் இடைவெளித் தூரமும் சேர்ந்த பெருக்கத்தைப் பொறுத்தது. மலைகளில் நாம் காணும் அழுத்த எல்லைக்குள், காற்று மெலிய மெலியப் பொறி எளிதில் தாவும். மின்காப்பு இடைவெளிகளைப் பற்றிய பன்னாட்டுத் தரம் 2,000 மீட்டரை அடிப்படையாகக் கொண்டு, 3,000 மீட்டருக்கு 1.14 மடங்கும், 4,000 மீட்டருக்கு 1.29 மடங்கும், 5,000 மீட்டருக்கு 1.48 மடங்கும் இடைவெளி கேட்கிறது. விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் ஐந்து நிமிடம் பாருங்கள். எந்த முனையில் ஒளி பூக்கிறதோ அங்கேதான் கசிவு. மின்சாரத்தைத் துண்டித்து, தேங்கிய மின்னூட்டத்தை வடித்தபின், தூசியைத் துடைத்து, கூர்முனைகளை மழுக்கி, சிலிக்கோன் பூசுங்கள். இடைவெளியைக் கூட்ட வழியில்லையென்றால் மின்னழுத்தத்தைக் குறைத்தே இயக்க வேண்டும்.

அறிகுறி: நினைவகத்தில் இடமும் நேரமும் மாறி மாறிப் பிழை

1912 இல் இயற்பியலாளர் விக்டர் ஹெஸ் பலூனில் சுமார் 5,300 மீட்டர்வரை ஏறி, மேலே போகப் போகக் கதிர்வீச்சு மிகுவதைக் கண்டார். காஸ்மிக் கதிர் என்று நாம் சொல்வது அதுதான். அது காற்றில் மோதிப் பிறக்கும் நியூட்ரான்கள் 3,000 மீட்டரில் கடல்மட்டத்தைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு. ஒரு நியூட்ரான் சிலிக்கானின் அணுக்கருவில் மோதினால் நினைவகத்தின் ஒரு பிட் புரளலாம், அதாவது 0 என்பது 1 ஆகவோ 1 என்பது 0 ஆகவோ மாறலாம். பிழைப்பதிவைத் திறந்து முகவரிகளைப் பாருங்கள். ஒரே முகவரி மீண்டும் மீண்டும் வந்தால் சில்லு பழுது, மாற்றுங்கள். முகவரி ஒவ்வொரு முறையும் வேறாகி, மறுதொடக்கத்துக்குப் பின் அதே இடம் நலமாக இருந்தால் கதிரே காரணம். பிழை திருத்தும் நினைவகத்தைத் தவிர வேறு மருந்தில்லை.

அறிகுறி: ஆட்டோகிளேவில் வைத்தெடுத்தும் வளர்ப்பூடகம் கெட்டுப்போகிறது

அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் இக்கலனின் மானி கடல்மட்டத்தில் காட்டிய அதே எண்ணைக் காட்டுவதால் எவரும் இதைச் சந்தேகிப்பதில்லை. ஆனால் மானி காட்டுவது வெளிக்காற்றுக்கு மேற்பட்ட அழுத்தத்தை. நீராவியின் வெப்பநிலையை முடிவு செய்வதோ மொத்த அழுத்தம். 121 டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 205 கிலோபாஸ்கல் மொத்த அழுத்தம் வேண்டும். கடல்மட்டத்தில் 101 வெளியே இருப்பதால் மானியில் 104 போதும். 5,000 மீட்டரில் வெளியே 54 தான், ஆகவே அதே 104 இல் உள்ளே 113 டிகிரியை ஒட்டியே இருக்கும். வெப்பநிலை உணரியை நேரே பாருங்கள். மானியின் எண்ணைக் கூட்டுவது கலனின் பாதுகாப்பு எல்லைக்குள் இருக்க வேண்டும். இயலாவிட்டால் நேரத்தை நீட்டி, வித்து நுண்ணுயிர்ச் சோதனைப் பட்டையால் உறுதி செய்துகொள்ளுங்கள்.

அறிகுறி: ஜெனரேட்டர் கரும்புகை விட்டுத் திணறுகிறது

டர்போ இல்லாத எஞ்சின் 1,000 மீட்டருக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு திறனை இழக்கும். எரிபொருள் அளவு மாறாமல் காற்று மட்டும் குறைந்ததன் அடையாளமே கரும்புகை. சுமையைக் குறைத்து, எரிபொருள் விகிதத்தைத் திருத்துங்கள். பேட்டரி சாய்ந்ததற்கு மட்டும் உயரத்தைக் குறை சொல்லாதீர்கள், அது குளிரின் வேலை. உடையின் உட்பையில் வைத்துச் சூடாக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். பூஜ்யத்துக்குக் கீழே லித்தியம் பேட்டரியை மின்னேற்றுவதைத் தவிர்க்கவும்.

அறிகுறி: கீழே இறங்கிய பிறகு பெட்டி திறக்கவில்லை

மேலே காற்றுப்புகாமல் மூடிய பெட்டிக்குள் மலைக்காற்றே இருக்கிறது; கீழே வந்ததும் வெளிக்காற்று மூடியை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். நெம்பாதீர்கள், அழுத்தம் சமன்செய்யும் திருகைத் தளர்த்தினால் போதும். ஆனால் குளிரில் கிடந்த கருவியாயின், அத்திருகைத் தளர்த்திய நொடியே தாழ்நிலத்தின் ஈரக்காற்று உள்ளே பாய்ந்து சில்லுகளின்மேல் நீராக வடியும். பெட்டி அறையின் வெப்பநிலையை எட்டும்வரை சில மணி நேரம் விட்டுவைத்து, அதன்பின் திருகைத் தளர்த்தி, அதன்பின் மின்சாரம் கொடுங்கள்.